மாமிக்கு இல்லாத பழக்கம்

நல்ல சுருட்டை எப்படிப் புகைப்பது என்று எனக்கு ஐம்பத்திரண்டாவது வயதில் வகுப்பெடுத்தவர் என் சகலன். மனைவியின் தமக்கையைக் கட்டியவர். இருபத்தைந்து வருடமாகச் சுவிஸில் இருக்கிறார். போன ஆவணியில் இரண்டு பேருமாக விடுமுறைக்கு வந்து, விசுவமடுவில் எங்கள் வீட்டில் மூன்று கிழமை நின்றார்கள். பெட்டி திறந்து எல்லாருக்கும் சொக்கிலேட்டும் சேட்டும் கொடுத்து முடிந்த பிறகு, சகலன் என்னைத் தனியாக விறாந்தைக்குக் கூப்பிட்டு, இரண்டு அலுமினியக் குழாய்களைக் கதிரைக் கையில் வைத்தார்.

"கியூபாச் சாமான். உமக்கெண்டே கொண்டுவந்தனான்" என்றார்.

எனக்குச் சகலனைக் கண்டால் உள்ளுக்குள் கொஞ்சம் புகைச்சல் உண்டு. அதை மறைக்கவில்லை. ஒரே வீட்டில் பெண் எடுத்த இரண்டு ஆம்பிளைகளில் ஒருவன் சுவிஸிலும் மற்றவன் குளத்துக் கதவு திறந்து பூட்டுகிற நீர்ப்பாசன வேலையிலும் இருந்தால் அந்தப் புகைச்சல் வராமல் என்ன செய்யும்? ஆனால் அன்றைக்கு அவர் என்னைத் தன் சமமாக நடத்துகிறார் என்று நினைத்தேன். அது எனக்குப் பிடித்திருந்தது.

குழாயைத் திறந்ததும் ஒரு மணம் வந்தது. பள்ளிக்கூடத்தில் புதுப் பென்சிலைச் சீவினால் வருமே, அந்த மணம். அதற்குள்ளே தேவதாரு மரத்தின் மெல்லிய சீவல் ஒன்று சுற்றியிருக்கிறதாம், அதுதான் என்று சகலன் விளங்கப்படுத்தினார். சுருட்டின் மேலிலை வெளிர் மண்ணிறம். தடவினால் எண்ணெய் பூசிய மாதிரி வழுவழுப்பு, ஆனால் விரலில் ஒன்றும் ஒட்டவில்லை. எங்கே இலை தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று கண்டுபிடிக்க முடியாதபடி சுற்றியிருந்தார்கள். மூடியிருந்த முனையைச் சகலன் ஒரு சின்ன வெட்டியால் நகத்தளவு வெட்டினார். மற்ற முனையை நெருப்பில் படவிடாமல், நெருப்புக்கு மேலே பிடித்துச் சுற்றிச் சுற்றிச் சூடாக்கினார். பிறகுதான் என்னிடம் தந்தார்.

நான் அதுவரை சிகரெட்காரன். பழக்கதோசத்தில் நெஞ்சுக்குள் இழுத்து, கண்ணில் தண்ணி வர இருமினேன்.

"ஐயோ, உள்ள இழுக்கக்கூடாது. வாய்க்குள்ள வைச்சுச் சுவைச்சுப்போட்டு விடும். உது மைல்ட். அவசரப்பட்டா ஒண்டும் தெரியாது."

அவசரப்படாமல் விட்டபோது தெரிந்தது. முதலில் கொதித்து ஆறிய பாலின் ஆடை மாதிரி ஒரு ருசி. கொஞ்சத்தால் வறுத்த கச்சான் கடலை. பாதி போன பிறகு, சீனி போடாத கோப்பியின் வாசம். காரம் எங்கேயுமில்லை, கடைசி விரற்கடையில் மட்டும் நாக்கு நுனியில் மிளகு தொட்ட மாதிரி ஒரு சுணை. சாம்பல் வெள்ளையாக, உதிராமல், இரண்டு விரல் நீளத்துக்கு நின்றது. ஒரு மணித்தியாலம் போனதே தெரியவில்லை. இவ்வளவு கவனமாக என் வாழ்நாளில் நான் ஒன்றையும் ருசித்ததில்லை, கலியாண வீட்டுச் சாப்பாட்டைக்கூட.

அதோடு நான் விட்டிருக்கலாம். விடவில்லை. அடுத்த நாளிலிருந்து கைத்தொலைபேசியில் சுருட்டு வீடியோக்கள். நீர்ப்பாசனக் கந்தோரில் தேநீர் நேரத்தில் மேலிலை, அதற்குள் கட்டுகிற இலை, உள்ளிலை என்று விரிவுரை. இலையை ஆள் உயரத்துக்குக் குவித்து வைத்து அதன் சொந்தச் சூட்டிலேயே பதப்படுத்துவதும், பெண்கள் மடியில் வைத்து நரம்பு உரிப்பதும், வருடக்கணக்கில் ஆறப்போடுவதும் எனக்கு மனப்பாடம். ஒரு சுருட்டு குடித்தவனுக்கு இவ்வளவு வாய் எங்கிருந்து வந்ததென்று கந்தோரில் கேட்டார்கள். நான் கோபப்படவில்லை. விசயம் தெரிந்தவன் விசயம் தெரியாதவர்களோடு கோபப்படக்கூடாது என்று பெருந்தன்மையாக இருந்தேன்.

இதில் வெட்கம் என்னவென்றால், இதெல்லாம் தெரிந்த ஒருவர் பதினைந்து வருடமாக என் குசினியில் சமைத்துக்கொண்டிருந்தார். என் மாமி, மனைவியின் தாய்.

மாமா இருந்தவரை குடாநாட்டிலும், பிறகு விசுவமடுவில் காணி கிடைத்து வந்து இங்கேயும் புகையிலைத் தோட்டம் செய்தவர். மாமி அவரோடு இலை வெட்டி, நரம்பு உரித்து, தென்னம்மட்டைப் புகையில் காயப்போட்டு, அந்த வேலையிலேயே கிடந்தவர். சுருட்டும் அங்கேயே பழகியது. வயது எழுபத்தொன்று. நாளைக்கு மூன்று சுருட்டு. காலையில் ஒன்று, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று, விளக்கு வைக்க முதல் ஒன்று.

ஆனால் இது எனக்குத் தெரியாது. அதாவது, தெரியாதென்று வைத்திருந்தோம். எங்கள் சனத்தில் மாமியும் மருமகனும் நேருக்கு நேர் இருந்து கதைப்பதே குறைவு. மாமி எனக்கு எதையும் நேராகச் சொன்னதில்லை. நான் பக்கத்தில் நின்றாலும், "அவரைச் சாப்பிட வரச்சொல்லு பிள்ளை" என்று மகளிடம்தான் சொல்வார். அப்படிப்பட்டவர் மருமகனுக்குத் தெரிய சுருட்டுக் குடிப்பதாவது! கிணற்றடிக்குப் பின்னால், அடுக்கிய விறகுக்கு மறைவில் ஒரு தென்னங்குற்றி கிடந்தது. அதுதான் அவருடைய இடம். நான் கிணற்றடிக்குப் போவதென்றால் முருங்கை மரத்தடியில் நின்று ஒருமுறை செருமுவேன். பத்து எண்ணிவிட்டுப் போவேன். அதற்குள் அவர் குறைச் சுருட்டை அணைத்து விறகு இடுக்கில் செருகிவிட்டு, வாளியைக் கையில் எடுத்திருப்பார். புகை அந்தரத்தில் நிற்கும். நான் அதைப் பார்ப்பதில்லை.

சனிக்கிழமைகளில் பரந்தன் சந்தியில் ஒரு முஸ்லிம் நானாவின் கடையில் சாமான் வாங்குவேன். சீனி, பருப்பு எல்லாம் கட்டி முடிந்ததும், நான் கேட்காமலே நானா உள்ளே போய், கடுதாசியில் சுற்றிய ஒரு சரையைப் பைக்குள் வைப்பார். வீட்டுக்கு வந்து அந்தச் சரையை மட்டும் எடுத்துக் குசினிக் குந்தில், உப்புப் போத்தலுக்குப் பின்னால் வைத்துவிட்டு வருவேன். அடுத்தமுறை பார்க்கும்போது அது இருக்காது. பதினைந்து வருடத்தில் அதைப்பற்றி நானும் மாமியும் ஒரு சொல் கதைத்ததில்லை.

இது தொடங்கியது வவுனியா முகாமில். சண்டை முடிந்து ஒரே கூடாரத்துக்குள் மாமி, மனைவி, நான். நடுவில் ஒரு சேலை கட்டித் தடுத்திருந்தோம். மாமிக்குச் சுருட்டும் இல்லை, இருந்தாலும் குடிக்க மறைவும் இல்லை. சோற்றைத் தொடாமல் சுருண்டு கிடந்தார். காய்ச்சல் என்று மனைவி சொன்னாள். எனக்கு விளங்கியது. என்னிடமிருந்த ஒரே நல்ல சேட்டை ஒருவனுக்குக் கொடுத்து ஐந்து சுருட்டு வாங்கினேன். மாமியின் தலைமாட்டில் இருந்த பால்மா ரின்னுக்குப் பின்னால் வைத்துவிட்டு, மனைவியையும் கூட்டிக்கொண்டு தண்ணி வரிசைக்குப் போனேன். தண்ணி கிடைத்த பிறகும் இன்னும் ஒரு மணித்தியாலம் வெயிலில் நின்றுவிட்டுத்தான் திரும்பினேன். அன்றைக்கு மாமி இரண்டாம் தரமும் சோறு வாங்கிச் சாப்பிட்டார். நான் இந்த உலகத்தில் செய்த நல்ல காரியங்களை எண்ணச் சொன்னால் முதலில் அதைத்தான் சொல்வேன்.

அதை நானே கெடுத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆட்டிறைச்சிக் கறியோடு சாப்பிட்ட பிறகு.

இரண்டாவது சுருட்டை அன்றைக்கென்று வைத்திருந்தோம். விறாந்தையில் நானும் சகலனும், அவர் மனைவியும் என் மனைவியும். நான் முனை வெட்டி, சூடாக்கி, எல்லாம் முறையாகச் செய்தேன். ருசியைச் சொல்ல வாய் திறந்தேன். சகலன் முந்திக்கொண்டார்.

"உமக்கு உது புதுசு, அதுதான் உவ்வளவு ஆச்சரியம். இஞ்ச இருக்கிற சுருட்டெல்லாம் சாணி வறட்டி எரிக்கிற மாதிரி. எங்கட ஆக்களுக்கு இலையைப்பற்றி என்ன தெரியும்?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. ஊரைச் சொன்னதற்கா, என்னைச் சொன்னதற்கா என்று கேட்டால், என்னைச் சொன்னதற்குத்தான்.

"ஏன் தெரியாது? எங்கட வீட்டிலயே ஆள் இருக்கு" என்றேன். சொல்லிவிட்டு நிறுத்தினேனா? இல்லை. குசினிப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தேன். "மாமி! ஒருக்கா இஞ்ச வாங்கோ!"

பதினைந்து வருடத்தில் நான் அவரை நேராகக் கூப்பிட்டது அதுதான் முதல் தரம். ஏதோ ஆபத்தென்று நினைத்திருப்பார். சேலைத் தலைப்பில் கையைத் துடைத்தபடி வேகமாக வந்து கதவடியில் நின்றார். நான் சுருட்டை நீட்டினேன்.

"இதைப் பாத்துச் சொல்லுங்கோ மாமி. நீங்கள் குடிக்கிற சுருட்டைவிட எப்பிடி?"

என் மனைவி "இஞ்சேருங்கோ" என்று மெல்லச் சொன்னாள். அவ்வளவுதான் சொல்ல அவளுக்கு நேரமிருந்தது. தமக்கை குனிந்து சேலைக் கரையைப் பார்த்தாள். சகலனுக்கு ஒன்றும் தெரியாது. "என்ன, மாமி சுருட்டடிக்கிறவவோ!" என்று கதிரையில் நிமிர்ந்து, கைத்தொலைபேசியைத் தூக்கினார்.

மாமி அந்த இடத்திலேயே திரும்பிப் போயிருக்கலாம். போனால் சகலன் முன்னால் என் முகம் என்னாகும்? மருமகன் கூப்பிட்டு ஒன்றைக் கேட்டான், மாமியார் முகத்தை முறித்துவிட்டுப் போனார் என்று ஆகும். அதற்காகத்தான் நின்றார். இது எனக்கு அப்போது விளங்கவில்லை. அவருக்கும் இது ஒரு பெருமை என்று நினைத்துக்கொண்டு பல்லைக் காட்டிக்கொண்டிருந்தேன்.

சுருட்டை இரண்டு கையாலும் வாங்கினார். பெருவிரலால் மேலிலையை நீளத்துக்குத் தடவினார். காதடியில் வைத்து மெல்ல அமத்திப் பார்த்தார். எரியாத பக்கத்தை மூக்கருகே பிடித்தார். பிறகு நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"மேலிலை நிழலில வளந்தது. வெயில் பட்ட இலை உவ்வளவு மெல்லிசா வராது. நரம்பு முழுக்க எடுத்திருக்கு. உள்ளுக்கு இலையை முறுக்கேல்லை, மடிச்சு மடிச்சு வைச்சிருக்கினம். அதுதான் புகை லேசா வருது. பனங்கட்டி ஒண்டும் போடேல்லை, இலையின்ர சொந்த இனிப்பு. கனகாலம் ஆறப்போட்டது. காறாது. நல்ல சாமான்."

நான் பதினைந்து நாள் வீடியோ பார்த்துப் படித்ததை அவர் பத்து மூச்சில் சொல்லி முடித்தார். சகலன் படம் பிடித்த கைத்தொலைபேசியை இறக்காமலே "ஆகா" என்றார். "அப்ப ஒரு இழுவை இழுத்துப் பாருங்கோவன் மாமி!"

மாமி சுருட்டை என்னிடம் தரவில்லை. நடுவிலிருந்த சின்ன மேசையில், சாம்பல் உதிராமல் வைத்தார்.

"எனக்கு உந்தப் பழக்கம் இல்லைத் தம்பி" என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போனார்.

எல்லாரும் சிரித்தோம். அந்தச் சிரிப்புக்குப் பிறகு நான் அதே சுருட்டை எடுத்துக் கடைசிவரை குடித்தேன். நன்றாகத்தான் இருந்தது.

அடுத்த சனிக்கிழமை வைத்த சரை, அதற்கடுத்த சனிக்கிழமையும் உப்புப் போத்தலுக்குப் பின்னாலேயே இருந்தது. பூச்சி பிடிக்கும் என்று நினைத்து எடுத்துவிட்டுப் புதுச் சரை வைத்தேன். அதுவும் இருந்தது. மூன்றாவது கிழமை மனைவியைக் கேட்டேன். அவள் வெங்காயம் உரித்தபடி நிமிராமல் சொன்னாள்.

"அம்மா விட்டிட்டா."

"எப்ப?"

"எப்பவெண்டு உங்களுக்குத் தெரியாதோ?"

எழுபத்தொரு வயதில், ஐம்பது வருடப் பழக்கம். விடிய வயிறு போகுதில்லையாம், கை நடுங்குதாம், பின்னேரமானால் தலையிடியாம். கராம்பு சப்பிக்கொண்டு திரிந்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை வாயால் சொன்ன பொய்யை உடம்பால் உண்மையாக்கிக்கொண்டிருந்தார். என் முன்னால், சகலன் முன்னால் சொன்ன சொல் பொய்யாகக் கூடாதென்று. சுவிஸுக்குத் திரும்பிய தமக்கை தொலைபேசியில், "நல்லதுதானே, இந்த வயசில விட்டது உடம்புக்கு நல்லம்" என்றாள். எல்லாரும் அதைத்தான் சொன்னார்கள். உண்மைதானே.

"நான் மாமியிட்ட மன்னிப்புக் கேக்கப்போறன்" என்று ஒருநாள் மனைவியிடம் சொன்னேன்.

அவளுக்கு அப்போதுதான் முழுக் கோபமும் வந்தது. "என்னெண்டு கேப்பியள்? நீங்கள் சுருட்டடிக்கிறதை எல்லாருக்கும் சொல்லிப்போட்டன், மன்னியுங்கோ எண்டோ? ஒருதரம் முகத்துக்கு நேர சொன்னது காணாதெண்டு இன்னொருதரமும் சொல்லப்போறியளோ? பேசாம இருங்கோ."

அவள் சொன்னது சரி. செய்த பிழையின் பெயரையே சொல்ல முடியாத இடத்தில் மன்னிப்புக் கேட்பது எப்படி? பேசாமல் இருந்தேன். பேசாமல் இருப்பதைத்தான் பதினைந்து வருடம் ஒழுங்காகச் செய்தேன். அதில் ஒரு நிமிடம் தவறினேன்.

சகலன் எடுத்த வீடியோ எங்கள் சொந்தக்காரர் குழுவில் வந்தது. கனடா, லண்டன், கொழும்பு என்று எல்லா இடமும் போனது. சிரிக்கிற மஞ்சள் மூஞ்சிகள் வரிசையாக விழுந்தன. நான் கனநாள் அதைத் திறக்கவில்லை. மார்கழியில் ஒருநாள், குளம் நிரம்பி வேலை அதிகமாயிருந்த நேரம், கந்தோரில் தனியாக இருந்தபோது திறந்தேன். மாமி கதவடியில் நிற்கிறார். இலையைப்பற்றிச் சொல்லும்போது நிலத்தைப் பார்க்கிறார். "எனக்கு உந்தப் பழக்கம் இல்லைத் தம்பி" என்று சொல்லும்போது மட்டும் நிமிர்கிறார். அந்தப் பார்வை சகலனிடம் போகவில்லை. ஒரு கணம் என்னிடம் வருகிறது. நீயாவது சிரிக்காதே என்று கேட்கிற பார்வை. அதற்கு மேலால் ஒரு சிரிப்புக் கேட்கிறது, மற்ற எல்லாச் சிரிப்பையும் விட உரக்க. யாருடையதென்று அறிய நான் திரும்ப ஓடவிடவில்லை. என் சிரிப்பு எனக்குத் தெரியாதா?

சகலன் தை மாதம், ஊருக்கு வந்த ஒருவரிடம் ஒரு முழுப் பெட்டி கொடுத்துவிட்டிருந்தார். பத்துச் சுருட்டு. ஒன்றைக் குளக்கட்டில் இருந்து குடித்துப் பார்த்தேன். வாய் கசக்கும் என்று எதிர்பார்த்தேன். கசந்திருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். கசக்கவில்லை. அதே பாலாடை, அதே கச்சான், அதே கோப்பி. நாக்குக்கு வெட்கமே இல்லை. பாதியில் அணைத்துத் தண்ணிக்குள் எறிந்தேன். மிச்ச ஒன்பதும் கந்தோர் மேசை லாச்சிக்குள், மாமி எடுக்காத சரைகளோடு கிடக்கின்றன. நானா இப்போதும் சனிக்கிழமைகளில் நான் கேட்காமலே சரையைப் பைக்குள் வைக்கிறார். வேண்டாமென்று சொன்னால் ஏனென்று சொல்லவேண்டி வரும். அதனால் வாங்கிக்கொண்டுதான் வருகிறேன்.

போன கிழமை ஒரு காலை. முகம் கழுவக் கிணற்றடிக்குப் போனேன். முருங்கை மரத்தடியில் நின்று வழமைபோலச் செருமினேன். அங்கே இப்போது யாரும் இருப்பதில்லை என்று எனக்குத் தெரியும். தென்னங்குற்றியில் பாசி பிடித்திருக்கிறது. ஆனாலும் நான் செருமுவதை விடவில்லை. என் மன்னிப்பை அந்த ஒரு சத்தத்தில்தான் வைத்திருந்தேன். மாமிக்குக் கேட்கும், விளங்கும் என்று ஒவ்வொரு நாளும் செருமிவிட்டுப் பத்து எண்ணினேன்.

மாமி குசினிக்குள் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். திருவலைச் சத்தம் நின்றது. பிறகு அவருடைய குரல் கேட்டது, எனக்கும் கேட்கவேண்டும் என்ற அளவுக்கு.

"பிள்ளை, அவருக்குக் கனநாளாத் தொண்டை சரியில்லைப் போல. ஒரே செருமுறார். கொத்தமல்லி அவிச்சுக் குடு."

பதினைந்து வருடமாக அந்தச் செருமலைக் கேட்டதும் எழுந்தவர். அது எதற்கென்று இந்த உலகத்தில் என்னைத் தவிர நன்றாகத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். இப்போது அது வெறும் தொண்டைக் கரகரப்பு. எனக்கும் அவருக்கும் நடுவில் அப்படி ஒன்று இருந்ததே இல்லை.

மனைவி கொத்தமல்லித் தண்ணியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். எனக்குத் தொண்டையில் ஒன்றுமில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. சூடு ஆறமுதல், அடியில் கிடந்த மல்லியோடு சேர்த்து, முழுவதையும் குடித்தேன்.